தலை கொடுத்த தம்பி

போன வருடம் ஐப்பசியில், மழை பிடிப்பதற்குச் சற்று முன்னால் நடந்தது இது. இடம் சிதம்பரம். பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போகிற தூரத்தில், சலூன்களுக்கு வேண்டிய சாமான்கள் விற்கும் ஒரு கடை. எனக்கு ஊர் கடலூர், திருப்பாதிரிப்புலியூர். அங்கே டூ வீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று வீட்டில் சொல்வார்கள். வியாபாரிக்கு வாய்தானே முதல் என்று நான் பதில் சொல்வேன். அந்த வாய் அன்றைக்கு என்னை நடுக்கடையில் மாட்டிவிட்டதும், முன்பின் தெரியாத ஒரு தம்பி என்னைத் தூக்கிவிட்டதும் இன்றைக்கும் கண்ணிலேயே நிற்கிறது.

கடை என் பெயரில் இருக்கிறதே தவிர, கடைக்கு மூளை என் மனைவிதான். "வண்டியில கடகடன்னு சத்தம் வருதுக்கா" என்று யாராவது வந்து நின்றால் போதும், எந்தச் சாமான் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். எந்த வண்டிக்கு எந்தச் சாமான் சேரும், எது எந்தத் தட்டில் இருக்கிறது, எல்லாம் மனப்பாடம். மெக்கானிக்குகள் என்னைப் பார்த்தால் "அக்கா இல்லியா?" என்றுதான் கேட்பார்கள். நான் ஒரு ஆள் முழுசாக நிற்பது அவர்கள் கண்ணுக்குத் தெரியாது.

அவளுக்குப் புழுவெட்டு வந்தது. முதலில் காதுக்குப் பின்னால் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வழுக்கையாக இருந்தது. சின்ன வெங்காயம் தேய்த்தால் சரியாகிவிடும் என்று என் மாமியார் ஆரம்பித்துவைத்தார். வீடு முழுக்கப் பிரியாணிக் கடை மாதிரி வெங்காய வாடை அடித்ததுதான் மிச்சம். அது உச்சிக்கு ஏறி, நெற்றிக்கு இறங்கி, அங்கங்கே திட்டுத் திட்டாக ஆகிவிட்டது. தோல் டாக்டர் மருந்து கொடுத்தார். திரும்ப முளைக்கலாம், முளைக்காமலும் போகலாம், உடம்புக்கு இதனால் ஒன்றும் இல்லை என்றார். உடம்புக்கு ஒன்றும் இல்லைதான். ஆனால் அவள் கடைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். மாதா கோயிலுக்கு மட்டும் வருவாள். அங்கே எல்லாப் பெண்களும் முக்காடு போட்டிருப்பார்கள், இவளும் அவர்களில் ஒருத்தியாக இருந்துவிடலாம். பூசை முடிந்ததும் நேராக வீடு, பிறகு கதவைச் சாத்திக்கொள்வாள்.

இருக்கிற மிச்ச முடியையும் எடுத்துவிடுவது என்று அவளேதான் முடிவு செய்தாள். "அரையும் கொறையுமா இருக்கறதுதாங்க பாக்க முடியல. மொத்தமா எடுத்துட்டா இதான் என் தலைன்னு ஆயிடும். அப்புறம் நான் கடைக்கு வரேன்" என்றாள். ஒரு பியூட்டி பார்லருக்குத் தயங்கித் தயங்கிப் போனாள். அங்கே இருந்த பெண், துணியை விலக்கிப் பார்த்ததும் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, "இது தொத்துமாக்கா?" என்று கேட்டிருக்கிறாள். அந்தப் பெண் வேண்டுமென்று கேட்டிருக்க மாட்டாள். ஆனாலும் என் மனைவி அன்றைக்குச் சாப்பிடவில்லை.

மாமியார் ஒரு யோசனை சொன்னார். "வேளாங்கண்ணிக்கு வேண்டுதல்னு சொல்லிட்டாப் போச்சு. மொட்டைன்னா யாரு என்னா கேக்கப் போறாங்க?" நம் பக்கத்தில் இதைவிட நல்ல மறைப்பு கிடையாது. மொட்டை அடித்த பெண்ணைப் பார்த்தால் எந்தச் சாமிக்கு என்றுதானே கேட்பார்கள், ஏன் என்று கேட்க மாட்டார்களே. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. என் மனைவி மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. "மாதா பேரச் சொல்லிப் பொய் சொல்ல மாட்டேன். வேற யாரும் என் தலையப் பாத்து மூஞ்சியச் சுளிக்கவும் வேணாம். நீங்களே எடுத்துவுடுங்க" என்று என்னைக் கைகாட்டிவிட்டாள்.

நான் என்னுடைய ஷேவிங் ரேஸரை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். நீள முடியைக் கத்தரியால் வெட்டிவிட்டு ரேஸரை வைத்தால், ஒரு இழுப்புக்கே முடி போய் அடைத்துக்கொள்கிறது. கழுவினால் மறுபடி அடைக்கிறது. அழுத்தினேன். பிடரியில் ஒரு விரல் நீளத்துக்குச் சிவந்துபோனது. "ஸ்ஸ்" என்று துண்டைச் சுற்றிக்கொண்டு எழுந்துவிட்டாள். சிறிது நேரம் கழித்து அவளே, "சலூன்ல வச்சிருக்காங்களே, பிளேடு மாத்திப் போடுற கத்தி, அத வாங்கியாங்க. அதுலதான் சுத்தமா வரும்" என்றாள்.

சொல்வது சுலபம். நான் வாழ்க்கையில் ஸ்பேனர் பிடித்தவன், கத்தி பிடித்தவன் இல்லை. செல்போனில் வீடியோ பார்த்தேன். எல்லாம் வெள்ளைக்காரர்கள் தங்கள் தாடியை வழிக்கிற வீடியோ. ஒவ்வொன்றிலும் முதல் எச்சரிக்கை, இது பழகாதவர்களுக்கு இல்லை என்பதுதான். கை தவறி அவள் தலையில் ஒரு வெட்டு விழுந்தால் தோல் ஆறிவிடும். ஆனால் அவள் மறுபடி தலையைக் காட்டுவாளா, கடை வாசலை மிதிப்பாளா என்பதுதான் என் பயம்.

திருப்பாதிரிப்புலியூரிலேயே சலூன் சாமான் கடை இருக்கிறது. அந்தக் கடைக்காரர் என்னிடம்தான் செயின் ஸ்பிராக்கெட் மாற்றுகிறார். அவரிடம் கத்தி கேட்டால் பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். அதனால் சிதம்பரம் போய் வாங்குவது என்று திட்டம் போட்டேன். அதிலும் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். செவ்வாய்க்கிழமை சலூன்களுக்கு விடுமுறை. சலூன் இல்லாத நாளில் சலூன் சாமான் கடையில் யார் இருப்பார்கள்? கடைக்காரரும் நானும் மட்டும்தான் இருப்போம், நிதானமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். செவ்வாய்க்கிழமை காலை, கடையைப் பக்கத்துக் கடைக்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியாக ஸ்கூட்டரில் சிதம்பரம் போய்ச் சேர்ந்தேன்.

கடைக்குள் கால் வைக்க இடமில்லை. இருந்தவர்கள் அத்தனை பேரும் சலூன்காரர்கள். மற்ற நாளெல்லாம் கடையை விட்டு நகர முடியாதவர்கள், லீவு நாளில்தானே சாமான் வாங்க வருவார்கள்! இத்தனை வருடம் வியாபாரம் செய்கிறவனுக்கு இது கூடத் தோன்றவில்லையே என்று என்னையே திட்டிக்கொண்டேன். திரும்பிவிடலாமா என்று பார்த்தால், கல்லாவில் இருந்த பாய் அதற்குள் என்னைப் பிடித்துவிட்டார்.

"வாங்கண்ணே, எந்த ஊர்ல சலூன்?"

"சலூன் இல்ல பாய். வீட்டுக்கு ஒரு கத்தி வேணும். பிளேடு போடுறது."

"ஷேவிங்குக்கா?"

"இல்ல. மொட்டைக்கு."

"யாருக்கு?"

பின்னால் நின்றவர்கள் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டிருப்பது எனக்கு முதுகிலேயே தெரிந்தது. வீட்டில் வேண்டாம் என்று தள்ளிய பொய் இங்கே தானாக வாயில் வந்துவிட்டது. "எங்க வீட்டுக்காரம்மாவுக்கு. வேளாங்கண்ணிக்கு வேண்டுதல்" என்றேன்.

ஊரெல்லாம் செல்லுபடியாகிற பொய் அந்த ஒரு கடையில் மட்டும் செல்லாது என்று எனக்கு எப்படித் தெரியும்? மொட்டை அடிப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்களிடம் போய் மொட்டையைப் பற்றிப் பொய் சொல்லியிருக்கிறேன். பாய் கத்திப் பெட்டியைத் திறக்கப் போனவர் கையை நிறுத்திவிட்டார். "வேளாங்கண்ணிக்கு நேந்துகிட்டு வீட்லயா முடி எறக்குவாங்க? அங்க போயி இல்ல குடுக்கணும்?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற பெரிய மீசைக்காரர் ஒருவர், "அதுவும் புருசனே எடுக்கறதா? எங்கயும் கேட்டதில்லயே" என்றார். இன்னொருவர் இன்னும் ஒரு படி மேலே போய், "என் மச்சான் அங்கதாண்ணே மொட்ட அடிக்கிறான். நம்பர் தரேன், போயி எறங்குனதும் போன் பண்ணுங்க, நல்லா பாத்துக்குவான்" என்று செல்போனை எடுத்துவிட்டார்.

எல்லோரும் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். அதுதான் என்னைக் கொன்றது. உடல்நிலை சரியில்லை, அவ்வளவு தூரம் போக முடியாது என்று இன்னொரு பொய் சொன்னேன். "அப்ப ஒடம்பு தேறுனதும் போங்க. சாமி என்னா ஓடியா போவுது?" என்றார் மீசைக்காரர். பாய் பெட்டியை மூடி வைத்துவிட்டார். "தர்காவோ மாதா கோயிலோ, நேர்ச்சைன்னா அந்த எடத்துலதாண்ணே. இதுக்கு நான் கத்தி குடுத்தா அந்தப் பாவம் எனக்கு வந்து சேரும்" என்றார்.

கத்தி இல்லாமல் வீட்டுக்குப் போக முடியாது. கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அவள் முகம் கண் முன்னால் வந்தது. "வேண்டுதல் எல்லாம் இல்ல பாய்" என்று ஆரம்பித்தேன். "அவளுக்குப் புழுவெட்டு. தல பூரா திட்டுத் திட்டா போயிடுச்சி. வெளிய வர மாட்டேங்குறா. மிச்சத்த நான்தான் எடுக்கணும்னு சொல்றா. எனக்கு கத்தி புடிக்கவும் தெரியாது, எந்தக் கத்தி வாங்கணும்னும் தெரியாது." வீட்டுக்கு வெளியே அந்த வார்த்தையை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லி முடித்துவிட்டு, ஷாம்பு அட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஐயோ பாவம் என்று யாராவது சொல்லியிருந்தால் அப்படியே வெளியே போயிருப்பேன். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "புழுவெட்டுதானண்ணே? எங்க கடைக்கு எவ்ளோ பேரு வராங்க. அது ஒண்ணும் தொத்தாது, கித்தாது." திரும்பிப் பார்த்தேன். முப்பது வயது இருக்கலாம். தலைமுடிக்குச் செம்பு நிறம் அடித்து, சேவல் கொண்டை மாதிரி மேலே ஏற்றி, பக்கவாட்டில் கோடு கிழித்துவிட்டிருந்தார். ஊர் சேத்தியாத்தோப்புப் பக்கம், சிதம்பரத்தில் சலூன் என்று பிறகு தெரிந்துகொண்டேன். "பாய், பொட்டிய எடு. கத்திய காட்டு அண்ணனுக்கு" என்றார். நான் கேட்காமலே தொத்தாது என்று சொன்னார் பாருங்கள், அந்த ஒரு சொல்லுக்காகவே அவரைக் கும்பிடலாம்.

பாய் ஒரு டவலை விரித்து விதவிதமாகக் கத்திகளை அடுக்கினார். என் கண் நேராகத் தங்க நிறத்தில் ஒன்றின் மேல் போனது. பிடியில் சிங்கம் செதுக்கி, பார்க்கவே ராஜா மாதிரி இருந்தது. எடுத்தேன். எடுத்ததும் கடைக்காரப் புத்தி வேலை செய்தது. பேரிங் வாங்கினாலும் சரி, கிளட்ச் லீவர் வாங்கினாலும் சரி, முதலில் இரண்டு விரலால் பிடித்து ஆட்டம் இருக்கிறதா என்று பார்ப்பேன். கத்தியின் இணைப்பையும் அப்படி ஆட்டிப் பார்த்தேன். லொடலொட என்றது. "பாய், இதுல ஆட்டம் இருக்கே. கடலூர்ல ஸ்பேர் பார்ட்ஸ் கடை வச்சிருக்கேன், ஆட்டம் இருந்தா எனக்குத் தெரியும்" என்றேன். பாய் முகம் சுருங்கியது. அந்தத் தம்பி கையைத் தட்டிச் சிரித்தார். "கத்தி புடிக்கத் தெரியாதுன்னீங்க. மொதல்ல பாக்க வேண்டியதே அதாண்ணே! ஆட்டம் இருந்தா பிளேடு கோணும், கோணுனா கிழிக்கும்." மீசைக்காரர் தான் எடுத்து வைத்திருந்த கத்தியை நைசாக ஆட்டிப் பார்த்துவிட்டு, அதைத் திரும்ப டவலில் வைத்தார்.

அதற்குப் பிறகு கடையே எனக்காகக் கத்தி தேர்ந்தெடுத்தது. ஒன்று அதிக வழவழப்பு, சோப்புக் கையில் நழுவும் என்று ஒதுக்கினார்கள். ஒன்று வெயிட் ஜாஸ்தி, புதுக் கை தாங்காது என்று பாய் தானே எடுத்து வைத்தார். கடைசியில் எந்த வேலைப்பாடும் இல்லாத ஒரு ஸ்டீல் கத்தியைத் தம்பி என் உள்ளங்கையில் வைத்தார். பிளேடை வைத்து மூடினால் டக்கென்று கவ்வியது. பிளேடு மெல்லிய கோடாகத்தான் வெளியே தெரிந்தது, இரண்டு மூலைகளும் உள்ளே மறைந்திருந்தன. "பிளேடோட மொனைதாண்ணே எப்பவும் காயம் பண்ணும். இதுல மொனை மூடிக்குது. ஒங்களுக்கு இதான்" என்றார். பிளேடைக் காகிதத்தோடு வளைத்து இரண்டாக ஒடித்து, பாதியை மட்டும் போடுவதையும் செய்து காட்டினார். காகிதத்தைப் பிரித்துவிட்டு ஒடித்தால் விரல் போய்விடுமாம். நான் பிரித்துவிட்டுத்தான் ஒடித்திருப்பேன்.

கத்தியைப் பையில் வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினேன். தம்பி விடவில்லை.

"மொதல்ல யாரு தலையில போடப் போறீங்க?"

"அவ தலையிலதான்."

"கத்துக்காமலா?"

"பலூன்ல சோப்பு தடவிப் பழகலாம்னு வீடியோவுல..." என்று இழுத்தேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். "பலூனுக்குக் காது இருக்கா, சுழி இருக்கா?" என்றார் மீசைக்காரர். தம்பி மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியில் தன் தலையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு, "வாங்கண்ணே எங்க கடைக்கு. என் தலையில போட்டுப் பாருங்க" என்றார்.

எனக்கு முதலில் புரியவே இல்லை. பாய்தான் பதறினார். "டேய், வெளையாடறியா? ஒன் தலையப் பாத்துட்டுதான்டா பசங்க அதே மாதிரி வெட்டச் சொல்லி வரானுங்க. ஒன் கடைக்கு அதான்டா போர்டு."

"முடிதான பாய், வளந்துரும்" என்றார் அவர். சொன்ன பிறகுதான் யாருக்கு முன்னால் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது போலிருக்கிறது. என் முகத்தைப் பார்த்து, குரலைத் தணித்து, "எனக்கு வளந்துரும்ண்ணே. அதான் தரேன்" என்றார்.

நான் வேண்டாம், வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். பாய்க்கு இன்னொரு ஆட்சேபணை இருந்தது. செவ்வாய்க்கிழமை சலூன்காரன் கத்தியைத் தொடலாமா என்றார். "நானா தொடறேன்? அண்ணன்தான தொடறாரு. அவரு ஸ்பேர் பார்ட்ஸ்காரரு, அவருக்கு லீவு ஞாயித்துக்கெழம" என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

அவர் சலூனின் ஷட்டரைப் பாதி தூக்கி, உள்ளே போய் விளக்கைப் போட்டார். தானே நாற்காலியில் உட்கார்ந்து, தனக்குத் தானே துணியைக் கட்டிக்கொண்டார். மெஷினை என் கையில் கொடுத்து, முதலில் ஒட்ட வெட்டச் சொன்னார். செம்பு நிறக் கொண்டை கொத்துக் கொத்தாக அவர் மடியில் விழுந்தது. அவர் கண்ணாடியில் அதைப் பார்த்துக்கொண்டு, "ரொம்ப நாளா சூடுண்ணே இது" என்றார்.

வெந்நீரில் நனைத்து, நுரை போட்டு, புதுப் பிளேடு மாட்டி, கத்தியை வைத்தேன். இடது கையால் தோலை இழுத்துப் பிடிக்க வேண்டும், கத்தியைப் படுத்தாற்போல வைத்து அழுத்தாமல் சின்னச் சின்னதாக இறக்க வேண்டும், முடி எந்தப் பக்கம் படிந்திருக்கிறதோ அந்தப் பக்கமே போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் மூச்சை அடக்கிக்கொண்டு கல் மாதிரி நின்றேன். "அண்ணே, நீங்க பேசற ஆளாச்சே. பேசிகிட்டே போடுங்க. வாய் கெட்டியானா கையும் கெட்டியாயிடும்" என்றார். என் வாயால் ஒரு பிரயோஜனம் உண்டு என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். தன்னுடைய பைக் மேட்டில் ஏறும்போது திணறுகிறது என்றார். கிளட்ச் பிளேட்டில் ஆரம்பித்து கார்புரேட்டர் வரைக்கும் நான் பேசப் பேச, கத்தி தானாக ஓட ஆரம்பித்தது. உச்சிக்குப் போனால் அங்கே இரட்டைச் சுழி. "ரெண்டு பொண்டாட்டி யோகம் தம்பி" என்றேன். "ஒண்ணுக்கே பொண்ணு குடுக்க மாட்டேங்குறானுங்க. இந்த மொட்டையோட போனா சுத்தம்" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம்.

அந்தச் சிரிப்பில்தான் காதுக்கு மேலே கத்தி ஒருக்களித்துவிட்டது. வெள்ளை நுரையில் சிவப்பாக ஒரு கோடு ஓடியது. நான் கத்தியைத் தட்டில் போட்டுவிட்டு இரண்டடி பின்னால் போய்விட்டேன். நம்மால் ஆகாது, வேண்டாம் தம்பி, மன்னித்துவிடு என்று உளறினேன். அவர் எழுந்திருக்கவே இல்லை. படிகாரக் கல்லை நனைத்து அந்த இடத்தில் அழுத்திக்கொண்டு, கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். "காத மடிக்காம போனீங்கண்ணே, அதான் தப்பு. இனிமே மறக்க மாட்டீங்க. இது எனக்குப் பட்டுச்சி, அண்ணிக்குப் படாது. எடுங்க கத்திய."

எடுத்தேன். அடுத்த காதை மடித்துப் பிடித்துக்கொண்டு போட்டேன். பிடரியில் குனியச் சொல்லிப் போட்டேன். முடித்ததும் அவர் தன் தலையை இரண்டு கையாலும் தடவிப் பார்த்து, "மார்க்கு போடலாம்" என்றார். நான் அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். கண்ணீர் வந்துவிட்டது, அதை மறைக்கவும் இல்லை. அவருக்குத்தான் கூச்சமாகிவிட்டது. பயன்படுத்திய பிளேடைக் கழற்றி ஒரு டப்பாவில் போட்டார். கத்தியை நன்றாகக் கழுவித் துடைத்து என் பையில் வைத்தார். "முடிஞ்சதும் ஒரு போன் மட்டும் பண்ணுங்க" என்று நம்பர் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், கொல்லைப்பக்கம் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டேன். மனைவி முக்காட்டை எடுத்துவிட்டு உட்கார்ந்தாள். மாமியார் பார்க்க மாட்டேன் என்று ஜெபமாலையோடு உள்ளே போய்விட்டார். நான் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே போட்டேன். "கொஞ்சம் பேசாம செய்யுங்களேன்" என்றாள். பேசினால்தான் கை ஓடும், அது வாத்தியார் உத்தரவு என்று சொல்லி, சிதம்பரத்துக் கதை முழுவதையும் சொன்னேன். நான் சொன்ன பொய்யைக் கேட்டதும் முதுகை விறைத்தாள். கடையே சேர்ந்து என்னை மடக்கியதைச் சொன்னதும், "நல்லா வேணும்" என்றாள். அந்தத் தம்பி தலை கொடுத்ததைச் சொன்னபோது அவள் தோள் குலுங்கியது. கத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குலுங்குவது நிற்கும் வரைக்கும் காத்திருந்தேன். காதை மடித்தேன். ஒரு பொட்டு ரத்தம் வரவில்லை.

முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தேன். தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கையால் மெல்லத் தடவினாள். அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எனக்கு காது இவ்ளோ பெருசா?" என்று கேட்டாள். அவள் பழையபடி பேச ஆரம்பித்துவிட்டாள் என்று எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

தம்பிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். "தம்பி, ஒங்க தலையப் பாத்து யாரும் ஒண்ணும் கேக்கலியா?" என்று அவளே கேட்டாள். "கேக்காம என்னா அண்ணி? வர்றவன் எல்லாம் எந்தக் கோயிலுக்குன்னு கேக்கறான். கடலூருக்குன்னு சொல்லிட்டிருக்கேன்" என்றார். என் மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். எத்தனையோ நாள் கழித்து அந்தச் சிரிப்பைக் கேட்டு, மாமியார் உள்ளேயிருந்து ஓடி வந்தார்.

மறுநாள் காலை அவள் எனக்கு முன்னால் கிளம்பி நின்றாள். தலையில் துணி இல்லை. நெற்றியில் பெரிய பொட்டு, காதில் கம்மல். கடையில் அவளுடைய நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். முதல் ஆளாக ஒரு மெக்கானிக், தேய்ந்த பிரேக் ஷூ ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். அவளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "வாங்கக்கா! எத்தினி நாளாச்சி. என்னாக்கா, வேளாங்கண்ணிக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும்.

"இல்ல. புழுவெட்டு. அதான் எடுத்துட்டேன்" என்றாள். "பிரேக் ஷூ எந்த வண்டிக்கு?"

அவர் வண்டியின் பேரைச் சொன்னார். அவள் எழுந்து போய், மூன்றாவது தட்டில் கையை விட்டு, பார்க்காமலே எடுத்துக் கொடுத்தாள். எனக்கு அந்த இடத்திலேயே சிதம்பரத்தைப் பார்த்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

இப்போது அவளுக்குச் சில இடங்களில் முடி முளைத்திருக்கிறது, சில இடங்களில் இல்லை. வளரவிடலாமா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை, அதுவரைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் கத்தி என் கையில்தான். அந்தத் தம்பியைப் போய்ப் பார்த்தேன். முடி முழுசாக வளர்ந்து, இந்த முறை நீல நிறம் அடித்திருந்தார். கிளட்ச் பிளேட்டை நானே கொண்டுபோய் மாட்டிக் கொடுத்தேன். அது அவர் செய்ததற்கு ஈடாகாது என்று எனக்குத் தெரியும். என் மனைவியின் காதை மடித்துக் கத்தியை இறக்கும் ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்கிறேன்: அவளுக்கு விழுந்திருக்க வேண்டிய வெட்டை, அவள் முகத்தைக்கூடப் பார்த்திராத ஒருவர் முன்கூட்டியே வாங்கிக்கொண்டதால்தான், இன்றைக்கு அவள் கண்ணை மூடிக்கொண்டு நிம்மதியாக என் முன்னால் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறாள்.